நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் ஊர் தெரியாது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு மாற்றலாகி வந்திருக்கிற, இனிமேல் வரப்போகிற அதிகாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் தர்மபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 27 வருடமாக இதுதான் தொழில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா, போலீஸ் கூப்பிட்டால் விபத்து நடந்த இடம், அரசு விழா என்றால் மேடை. உங்களில் பலரை நான் முதன்முதலில் பார்த்ததே கேமரா வழியாகத்தான். வந்து சேர்ந்த முதல் வாரத்தில் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வருவீர்கள், முகத்தில் ஒரு வாட்டம் இருக்கும். ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போனில் பேசிக்கொண்டிருந்தார், "தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க" என்று. நான் பக்கத்திலேயே லைட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. சொந்த ஊரை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை, வயசான அப்பா அம்மாவை விட்டுவிட்டு வருகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த எண்ணத்தோடேயே ஒருவர் இரண்டு மூன்று வருடம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் எதெல்லாம் அவர் கண்ணில் படாமலே போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கே நின்றால் எது தெரியும், எது மறையும் என்பதை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண், அம்மாவோடு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் போட்டோ வேண்டும். "அண்ணா, பல்லு தெரியாம எடுங்கண்ணா" என்றாள். இது எனக்குப் புதிது இல்லை, வாரத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். பேச்சுக் கொடுத்தபடியே ஏதோ சொன்னேன், சிரித்துவிட்டாள், சிரித்த அதே நொடியில் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. அவள் அதை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை, கண் இமைக்கிற மாதிரி அது பழகிப்போயிருந்தது. முன்பல் இரண்டிலும் குறுக்காகப் பழுப்புக் கோடு, ஓரத்தில் சுண்ணாம்புத் திட்டு மாதிரி வெள்ளை. நாங்கள் காவிப் பல் என்போம். அவள் பி.எஸ்.சி. முடித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள், எதிரே உட்கார்ந்திருந்தவர் கேட்டாராம், "காலையில பல் விளக்கற பழக்கம் இல்லையாம்மா?" என்று. அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயைத் திறக்க முடியவில்லை என்று அவள் சொல்லும்போது அவள் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பல்லும் அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது திங்கட்கிழமை பிரேயரில் நகம், பல் சோதனை நடக்கும். எங்கள் சாரும் வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர்தான். பத்துப் பன்னிரண்டு பேரைத் தனியாக நிறுத்தி, ஆளுக்கொரு வேப்பங்குச்சி கொடுத்து, வெளுக்கிற வரைக்கும் தேய்க்கச் சொன்னார். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது, பல் வெளுக்கவில்லை. வீட்டில் அம்மா செங்கல் தூளும் உப்பும் வைத்துத் தேய்த்துவிட்டார். சார் கெட்டவர் இல்லை, எனக்கு வாய்ப்பாடு மனப்பாடமானது அவரால்தான். அம்மாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள், நான் தண்ணீர் குடித்த அடிபம்பை யாரும் பார்க்கவில்லை.

காரியம் அங்கேதான் இருந்தது. எங்கள் பூமிக்கு அடியில் இருக்கிற பாறையில் ஃபுளோரைடு உண்டு, அது நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், குடித்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தை குடித்து வளர்ந்தால், பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே பாதிப்பு உள்ளே ஏறிவிடுகிறது. முளைக்கும்போதே அப்படித்தான் முளைக்கும். வேப்பங்குச்சி, செங்கல் தூள், எதைப் போட்டுத் தேய்த்தாலும் பல்தான் தேயும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது, ஃபுளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வருகிற நோய்க்குத்தான் அந்தப் பெயர். ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊர்ப் பிள்ளைகள் இப்போது குரூப் போட்டோவில் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், நான் பார்க்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்களே, முப்பது, நாற்பது, ஐம்பது வயசுக்காரர்கள், அவர்கள்தான் இப்போது உங்கள் முன்னால் வேலைக்கும் லோனுக்கும் மனுவோடும் வந்து நிற்பவர்கள். அவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டு முனகினால், திமிர் என்றோ, பயம் என்றோ, படிக்காதவர் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். வகுப்பில் எந்தக் குழந்தையையும் பல்லை வைத்து எழுப்பி நிறுத்தாதீர்கள். டாக்டர்களிடம் ஒரு வேண்டுதல், முட்டி வலி, இடுப்பு வலி என்று ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் வந்தால், மாத்திரை எழுதுவதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம் கல்லைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்னால் கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்னை அரூர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார், நடுகல் படம் எடுக்க. எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நடுகல் நிறைய. மாடு கவர்ந்துகொண்டு போனவர்களோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கும், ஊரைக் காத்துச் செத்தவனுக்கும் நட்ட கல். பல இடத்தில் அதை வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிடுகிறோம். நாங்கள் போன நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. புளியமரத்துக்குப் பக்கத்தில், வெயிலில், நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு பலகைக் கல். எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், குங்குமம். அதைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. நான் பிளாஷ் போட்டு எடுத்தேன், இன்னும் மோசம், வெறும் சுவர் மாதிரி வந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார், "இந்நேரத்துக்கு வந்தா எப்புடி தம்பி? வெயில் சாயட்டும், அப்பத்தான் சாமி கண்ணு முழிக்கும்."

உட்கார்ந்தோம். நாலரை மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. கல்லின் மேல் முதலில் ஒரு விளிம்பு வந்தது, தோள்பட்டை. பிறகு வில்லைப் பிடித்த கை. தொடையில் தைத்திருக்கிற அம்பு, ஒன்றல்ல மூன்று. காலடியில் இரண்டு மாடு, ஒன்று தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிற மாதிரி. தலைக்கு மேலே எழுத்து, வரி வரியாக. ஐந்தரைக்குள் ஒரு ஆள் முழுசாக அந்தக் கல்லிலிருந்து வெளியே வந்து நின்றான். மத்தியானமும் அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். எனக்குப் பேச்சு வரவில்லை, படம் எடுப்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். அன்றைக்கு முதல், கல்லாக இருந்தாலும் மனிதர் முகமாக இருந்தாலும், வெளிச்சத்தை நேராக மூஞ்சியில் அடித்துப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

உங்கள் ஆய்வுப் பயணம் பெரும்பாலும் பகல் பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் நடக்கிறது. அந்த நேரத்தில் கிராமத்தில் யார் இருப்பார்கள்? கிழவர், கிழவி, நாய். "இந்த ஊர்ல ஆளே இல்ல, வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு" என்று நீங்கள் குறித்துக்கொள்கிறீர்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் பாட்டிதான் வருவாள், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பாள், ஆசிரியர் உடனே "பெத்தவங்களுக்கு அக்கறையே கிடையாது" என்பார். போன வருடம் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்த பையனின் வீடியோவை அவன் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "அண்ணா, பெங்களூர்ல சாரத்து மேல நின்னுக்கிட்டுப் பாத்தேன், மேஸ்திரி திட்டத் திட்ட மூணு வாட்டி பாத்தேன்." அக்கறை எங்கே இருக்கிறது என்று அந்த ஆசிரியரிடம் யாராவது சொல்லுங்கள். பொங்கலுக்கு வாருங்கள், பூட்டெல்லாம் திறந்திருக்கும், கூட்டம் போடுவதென்றால் அந்த வாரத்தில் போடுங்கள்.

நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைத் தினம் இரண்டு தடவை போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. படம் எடுப்பவனாகச் சொல்கிறேன், அந்தப் படத்தில் வரிசையாக நின்ற ஆட்கள்தான் தெரிவார்கள். வெட்டிய குழியின் ஆழம் தெரியாது. சிக்னல் கிடைக்காமல் மேட்டுக்கு ஏறி நின்று எடுத்ததும் அதில் தெரியாது.

அங்கன்வாடிக் கதை ஒன்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஊர், பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். உள்ளே அந்த டீச்சரம்மா அவசர அவசரமாக ஒரு சாக்கில் பொம்மைகளைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். காது போன யானை, சக்கரம் இல்லாத லாரி, நடுவில் தேய்ந்து வழுவழுப்பான அ, ஆ மரக்கட்டைகள். அதை அடுப்படிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுப் பொம்மைகளை அலமாரியில் அடுக்கினார். ஏம்மா என்றேன். "உடைஞ்சதைப் பாத்தா திட்டுவாங்கண்ணா." அதிகாரி வந்தார், அலமாரியைப் பார்த்தார், நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார், நானும் படம் எடுத்தேன். பிள்ளைகள் ஒருவரும் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. ஒரு பொடியன் மட்டும் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஔவைதான் ஞாபகம் வந்தார். தர்மபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி இருந்த ஊர், இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஔவை அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் தூது போனார். அங்கே படைக்கலக் கொட்டிலைக் காட்டினார்கள். புறநானூற்றில் 95ஆவது பாட்டு அதுதான். உன்னுடைய வேலெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் இருக்கிறது, எங்கள் அரசனுடைய வேலோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எந்நேரமும் கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். எந்த வேல் வேலை செய்த வேல் என்று ஔவைக்குப் பார்த்த உடனே தெரிந்தது. நீங்கள் ஆய்வுக்குப் போகும்போது தேய்ந்த பொம்மையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கிழிந்த பதிவேட்டைப் பாருங்கள், நூலகத்தில் அட்டை பிய்ந்த புத்தகம் எது என்று கேளுங்கள். அந்த டீச்சரம்மா சாக்கை மறைக்காமல் நடுவில் கொண்டுவந்து கொட்டுகிற நாள் வந்தால், அந்தப் படத்தை எடுக்க நான் என் செலவில் வருவேன்.

தொப்பூர் கணவாயைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே விபத்து நடந்தால் போட்டோ எடுக்க ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடுவார்கள், போயிருக்கிறேன், பார்த்ததை எழுத மனசு வரவில்லை. கீழே நின்று பார்த்தால் கவிழ்ந்த லாரியும் நசுங்கிய காரும் தெரியும், டிரைவர் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். ஒரு தடவை தெரிந்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தர்மபுரியிலிருந்து சேலம் பக்கமாக அந்த இறக்கத்தில் போனேன். நீளமான சரிவில் இறங்கிக்கொண்டே இருந்துவிட்டு, சரிவு கொஞ்சம் குறைகிற இடம் வந்ததும், எனக்கு ரோடு சமமாகிவிட்ட மாதிரியே தெரிந்தது. கேட்டால் அவர், "இன்னும் இறக்கம்தான் சார், கண்ணை நம்பாதீங்க, கியர்ல போட்டு வச்சிருக்கேன் பாருங்க" என்கிறார். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் தப்பு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாலையைப் பற்றி முடிவெடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது லோடு லாரி கேபினில் உட்கார்ந்து இறங்கிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளே அப்படிச் சொல்லப் பழகிவிட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் தோண்டியதில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அதுவரைக்கும் அந்த வழியாகப் போனவர்களுக்கு அது வெறும் கல்லும் முள்ளும்.

கடைசியாக, திங்கட்கிழமை.

மக்கள் குறைதீர்க்கும் நாளன்று ஒரு அலுவலகத்தில் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். எப்போதும் நான் மனுதாரருக்கு முன்பக்கம், மேசையின் ஓரத்தில் நிற்பேன், அதிகாரி முகம் நன்றாக விழும், மனு கைமாறுகிற நொடி விழும், அதைத்தான் கேட்பார்கள். அன்றைக்குக் கூட்ட நெரிசலில் பின்பக்கம் மாட்டிக்கொண்டேன். வயசான ஒரு ஆயா மனுவோடு நின்றார். முதுகு வளைந்து, நெஞ்சளவுக்கு இருக்கிற மேசை அவர் தாடைக்கு வந்தது. அதன் மேல் கோப்புக் கட்டு. அவர் கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாக அதிகாரியைப் பார்த்துப் பேசினார். உட்கார்ந்திருந்தவர் சத்தமாகச் சொன்னார், "நிமிந்து நின்னு பேசும்மா, காதுல விழல." ஆயா நிமிரப் பார்த்தார். தோள் மட்டும் கொஞ்சம் அசைந்தது. எங்கள் தண்ணீர் எலும்புக்குள்ளும் போய்விட்டால் முதுகு அப்படித்தான் இறுகிப்போகும், நிமிர்த்த முடியாது. பல்லில் கறையாகத் தெரிவதும் இந்த வளைவும் ஒரே தண்ணீரின் வேலை. என்ன கஷ்டத்துக்கு மனு கொடுக்க வந்தாரோ எனக்குத் தெரியாது, ஆனால் அவர் நின்ற விதத்திலேயே பாதி மனு எழுதியிருந்தது.

அப்போது ஒரு படம் எடுத்தேன், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, அவர் கண் இருந்த உயரத்துக்குக் குனிந்து. அதில் கோப்புக் கட்டும், அதன் இடுக்கில் ஒரு நெற்றியும் கண்ணாடியின் மேல்விளிம்பும்தான் தெரிகிறது. "முகமே இல்லையே, இது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் யாருக்கும் தருவேன், பணம் வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி போடுங்கள், கோப்புக் கட்டை ஓரத்தில் வையுங்கள். வருகிற திங்கட்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால், அந்த ஆயா நின்ற இடத்தில் போய் நின்று, கொஞ்சம் குனிந்து, உங்கள் நாற்காலியை ஒருதரம் பாருங்கள்.

இப்படிக்கு,
தர்மபுரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவன்